எதிர்ப்பொருள்கள் எண்ணிறந்தன ஆவது எங்ஙனம்?

பாம்புக் கடிக்குச் செலுத்தப்படும் முறிமருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது என்பதைக் களப் பணியாளர்கள் அறிவர். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தி, பல வாரங்கள் குதிரைக்கு ஊசி வழியே செலுத்துகின்றனர். பின்னர் அதன் இரத்தத்தில் ஒரு பகுதியை எடுத்து, நஞ்சை முறிக்கும் பொருளைப் பிரித்துத் தூய்மை செய்து குப்பிகளில் அடைக்கின்றனர். இதற்கு வேண்டிய நஞ்சைச் சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், 1978 ஆம் ஆண்டில் தொடங்கியது முதல், மருந்து செய்வோர்க்கு வழங்கி வந்துள்ளது.

இச்செய்தியில் ஒரு புதிர் அடங்கியிருக்கிறது. அதே குதிரைக்கு ரணஜன்னிக் கிருமியின் நஞ்சைச் செலுத்தினால், அதனை முறிக்கும் பொருள் தோன்றும். தொண்டை அடைப்பான் கிருமியின் நஞ்சைச் செலுத்தினால், அதற்குரிய பொருள் தோன்றும். ஒன்று மற்றொன்றின் பணியைச் செய்வதில்லை. இன்ன நஞ்சு என்றேனும் தன் உடலில் புகும் என்பதை அவ்விலங்கின் உடல் முன்னரே அறிந்திருக்க வழியில்லை. அங்ஙனமாயின், ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான மாற்று எவ்வாறு உண்டாகிறது? மனித உடலிலும் இதே வினா எழுகிறது. ஊசி போடும் பணியாளர் நாள்தோறும் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம், அதாவது ஏன் இத்தனை தவணை, ஏன் இத்தனை வாரம் இடைவெளி, ஏன் சிலருக்கு மருந்துடன் சீரமும் என்பனவற்றுக்கெல்லாம், விடை இப்புதிரின் விடையிலேயே உள்ளது.

முதலில் சொல்லைக் குறித்து ஒரு வார்த்தை. இரத்தத்தில் தோன்றும் இப்பொருளுக்கு ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் 1891 ஆம் ஆண்டில் வழங்கிய பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘எதிருடல்’ என்றாகும். அதனால் கேட்போர்க்கு ஒன்றும் விளங்காது. ஆதலின் ‘எதிர்ப்பொருள்’ என்றே இங்கு வழங்குகிறோம். எதிர்ப்பொருளைத் தோற்றுவிக்கும் நஞ்சு, கிருமி முதலியவற்றை ‘அயற்பொருள்’ என்க.

அச்சு வார்ப்பா, தேர்வா?

பேரிங்கும் ஜப்பானியரான கித்தசாத்தோவும் 1890 ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் ஓர் உண்மையைக் கண்டனர். ரணஜன்னி நஞ்சைத் தாங்கப் பழக்கிய விலங்கின் சீரத்தை வேறொரு விலங்குக்குச் செலுத்தினால், அதுவும் அந்நோயினின்று காக்கப்படுகிறது. சீரத்தில் ஏதோ ஒரு பொருள் உள்ளது என்பது இதனால் உறுதியாயிற்று. பின்னர் கார்ல் லாண்ட்ஸ்டைனர் இப்புதிரை மேலும் கடினமாக்கினார். இயற்கையில் எங்கும் இல்லாதனவும் வேதியியலார் தம் கூடத்தில் புதிதாகச் சமைத்தனவுமான கூட்டுப்பொருள்களைப் புரதத்துடன் இணைத்து விலங்குகளுக்குச் செலுத்தினார். அவற்றுக்கும் தனித்தனி எதிர்ப்பொருள்கள் தோன்றின. உலகில் அன்றுவரை இருந்திராத ஒரு பொருளை உடல் எவ்வாறு எதிர்பார்த்திருக்கும்?

எதிர்பார்க்கவில்லை, கண்ட பின்னரே செய்கிறது என்பதே அக்காலத்தார் பலரின் விடை. அயற்பொருள் ஓர் அச்சாக நிற்க, அதனைச் சுற்றி எதிர்ப்பொருள் மெழுகுபோல் வளைந்து வடிவுபெறுகிறது என லைனஸ் பாலிங் 1940 ஆம் ஆண்டில் விளக்கினார். கேட்பதற்கு எளிய கொள்கை இது. இன்றும் நம் பாடநூல்கள் சிலவற்றில், ‘உடல் பகைவனைக் கண்டு அறிந்து அவனுக்கேற்ற படைக்கலம் செய்கிறது’ என்னும் வாசகத்தில் இதன் நிழல் தங்கியிருக்கிறது. ஆசிரியர்கள் இவ்வாசகத்தைக் கைவிடுதல் நன்று. எளிமைக்காகச் சொல்லப்படினும் அது தவறேயாம். ஏனெனில் ஒரு புரதத்தின் வடிவம், அதில் அமினோ அமிலங்கள் கோக்கப்பட்ட வரிசையாலேயே அமைகிறது. எட்கர் ஹேபர் என்பார் எதிர்ப்பொருளின் ஒரு துண்டை எடுத்து, அதன் மடிப்புகளை முற்றும் பிரித்துவிட்டு, அயற்பொருள் அருகில் இல்லாத நிலையில் மீண்டும் மடியவிட்டார். அது தன் பழைய பற்றும் தன்மையை மீண்டும் பெற்றது. 1964 ஆம் ஆண்டில் வெளிவந்த இம்முடிவு, அச்சுக் கொள்கைக்கு இடமில்லாமற் செய்தது.

அதற்கு முன்னரே வேறு வழியில் சிந்தித்தோர் இருந்தனர். டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் யெர்னே 1955 ஆம் ஆண்டிலும், ஆஸ்திரேலியாவில் மாக்பர்லேன் பர்னெட்டும் அமெரிக்காவில் டேவிட் டால்மேஜும் 1957 ஆம் ஆண்டிலும் வெளியிட்ட கருத்துகளின் சாரம் இதுவாகும்: எதிர்ப்பொருள்கள் அனைத்தும் அயற்பொருள் வருவதற்கு முன்னரே உடலில் உள்ளன. பர்னெட்டின் கூற்றுப்படி, ஒவ்வோர் உயிரணுவும் ஒரே ஒரு வகையை மட்டும் தாங்கி நிற்கிறது. வந்த பொருள் எந்த உயிரணுவின்மீது பொருந்துகிறதோ அவ்வுயிரணு மட்டும் பெருகுகிறது. மற்றவை வாளா இருக்கின்றன. அயற்பொருள் எதனையும் கற்பிப்பதில்லை. அது தேர்ந்தெடுக்கிறது, அவ்வளவே. மறு ஆண்டு நாஸலும் லெடர்பர்க்கும் இருவகைக் கிருமிகளைச் செலுத்திய எலியின் உயிரணுக்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதித்தபோது, ஓர் உயிரணு ஒரு கிருமிக்குரிய எதிர்ப்பொருளையே தந்தது, இரண்டையும் தரவில்லை.

தேர்வுக் கொள்கை வென்றது. ஆனால் புதிரின் சுமை இடம் மாறியதேயன்றித் தீரவில்லை. எல்லா வகைகளும் முன்னரே உள்ளன எனின், அவற்றுக்கான குறிப்பு எங்கே எழுதப்பட்டிருக்கிறது? புரதங்களை ஆக்கும் குறிப்புகள் மரபணுக்களில் உள்ளன. மனிதனிடம் புரதத்துக்குரிய மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 மட்டுமே. எதிர்ப்பொருள்களின் வகைகளோ கோடிக்கணக்கானவை. உடலிலுள்ள மரபணுக்கள் அனைத்தையும் இவ்வொரு பணிக்கே ஒதுக்கினாலும், ஒன்றுக்கு ஒன்று என்னும் கணக்கில் அவை போதா.

முப்பது எழுத்தும் இருநூற்றுப் பதினாறும்

எதிர்ப்பொருளின் உருவம் கவை பிரிந்த கழி போன்றது. கனமான சங்கிலிகள் இரண்டும் இலேசான சங்கிலிகள் இரண்டும் சேர்ந்தது. பிரிட்டனின் போர்ட்டரும் அமெரிக்காவின் எடல்மனும் இதனை வெளிப்படுத்தி 1972 ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றனர். கவையின் இரு நுனிகளே அயற்பொருளைப் பற்றுமிடங்கள்.

எலும்பு மஜ்ஜையில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோயில், ஒரே உயிரணு அளவின்றிப் பெருகி, ஒரே வகைச் சங்கிலியை மிகுதியாகச் சுரந்து சிறுநீரில் வெளியேற்றுகிறது. ஹில்ஷ்மன், கிரெய்க் ஆகிய இருவர் வெவ்வேறு நோயாளிகளிடமிருந்து கிடைத்த இத்தகைய இலேசான சங்கிலிகளின் அமினோ அமில வரிசையை 1965 ஆம் ஆண்டில் ஒப்பிட்டனர். ஏறத்தாழ 214 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியின் பிற்பாதி அனைவரிடத்தும் ஒன்றாக இருந்தது. முற்பாதியோ ஆளுக்கு ஆள் வேறுபட்டது. ஒரே சங்கிலியில் பாதி மாறாமலும் பாதி மாறியும் இருப்பது எங்ஙனம்? அவ்வாண்டிலேயே டிரையர், பென்னெட் ஆகிய இருவர் ஒரு துணிவான கருத்தை வெளியிட்டனர். இருவேறு மரபணுக்கள் உயிரணுவினுள் ஒன்றாக ஒட்டப்பட்டு ஒரு சங்கிலியை ஆக்குகின்றன என்பதே அது. பிறக்கும்போது பெற்ற மரபணுத் தொகுதி உடலின் எல்லா உயிரணுக்களிலும் மாறாதிருக்கும் என்பது அந்நாளைய உயிரியலின் அடிப்படை. ஆதலால் இக்கருத்தைப் பலர் ஏற்கத் தயங்கினர்.

சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரில் பணியாற்றிய சுசுமு தொனேகாவா, ஹொசுமி என்பாருடன் சேர்ந்து 1976 ஆம் ஆண்டில் இதற்கு முடிவு கண்டார். சுண்டெலியின் கருவிலிருந்தும், எதிர்ப்பொருள் சுரக்கும் கட்டியிலிருந்தும் டி.என்.ஏ.யை எடுத்து, குறிப்பிட்ட இடங்களில் மட்டும் வெட்டும் என்சைம் ஒன்றால் இரண்டையும் துண்டாக்கினார். கருவில், மாறும் பாதிக்குரிய பகுதியும் மாறாப் பாதிக்குரிய பகுதியும் தனித்தனித் துண்டுகளில் இருந்தன. கட்டியில் அவை இரண்டும் ஒரே துண்டில் இருந்தன. வளர்ச்சியின்போது டி.என்.ஏ. வெட்டி ஒட்டப்பட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. 1987 ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குத் தனியே வழங்கப்பெற்றது.

இன்று நாம் அறிவது இது. கனமான சங்கிலியின் மாறும் பகுதிக்கு முழு மரபணு ஒன்று எங்கும் இல்லை. அதன் துண்டுகளே 14 ஆம் குரோமோசோமில் மூன்று வரிசைகளாகக் கிடக்கின்றன. ‘வி’ எனப்படும் துண்டுகளில் பயன்படுவன ஏறத்தாழ 40. ‘டி’ துண்டுகள் 23. ‘ஜே’ துண்டுகள் 6. எலும்பு மஜ்ஜையில் பி-உயிரணு எனப்படும் வகை உருவாகும்போது, ஒவ்வொரு வரிசையிலிருந்தும் ஒரு துண்டு குருட்டுவாக்கில் எடுக்கப்பட்டு மூன்றும் ஒட்டப்படுகின்றன. இடையில் உள்ளவை வெட்டி எறியப்படுகின்றன. வெட்டும் பணியைச் செய்யும் இரு புரதங்களுக்குரிய மரபணுக்கள், பால்டிமோர் என்பாரின் ஆய்வுக்கூடத்தில் 1989, 1990 ஆம் ஆண்டுகளில் கண்டறியப்பட்டன. இலேசான சங்கிலிக்கு ‘டி’ துண்டு இல்லை. அதில் காப்பா, லாம்டா என இரு வகை உண்டு. முன்னதற்கு ஏறத்தாழ 40 ‘வி’, 5 ‘ஜே’. பின்னதற்கு ஏறத்தாழ 30 ‘வி’, 4 ‘ஜே’.

தமிழாசிரியர்க்கு இக்கணக்கு புதிதன்று. உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் ஆக முப்பது எழுத்தைக் கற்ற சிறுவன் இருநூற்றுப் பதினாறு உயிர்மெய்களையும் பெற்றுவிடுகிறான். இங்கும் அவ்வாறே. கனமான சங்கிலிக்கு 40 × 23 × 6 = 5,520 சேர்க்கைகள். இலேசான சங்கிலிக்கு 200 உடன் 120 கூட்ட 320 சேர்க்கைகள். எந்தக் கனமான சங்கிலியும் எந்த இலேசான சங்கிலியுடனும் சேரலாம் எனக் கொண்டால், 5,520 × 320 = 17,66,400. நூற்றைம்பதுக்கும் குறைவான துண்டுகளிலிருந்து ஏறத்தாழ 18 இலட்சம் வகைகள் கிடைத்துவிட்டன. துண்டுகளின் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் சிறிது வேறுபடுமாதலின், இதனைத் தோராயக் கணக்காகவே கொள்ளுதல் வேண்டும்.

புணர்ச்சியில் தோன்றும் விகாரம்

ஆயினும் 18 இலட்சம் போதாது. பெருக்கத்தின் பெரும்பகுதி துண்டுகளின் தேர்வில் இல்லை. அவை ஒட்டும் இடத்தில் இருக்கிறது. இரு சொற்கள் புணரும்போது தோன்றல், திரிதல், கெடுதல் என விகாரம் மூன்று என்பது இலக்கணம். பூவும் கொடியும் புணரப் பூங்கொடி என ஓர் எழுத்துத் தோன்றுகிறது. மரமும் வேரும் புணர மரவேர் என ஓர் எழுத்துக் கெடுகிறது. டி.என்.ஏ. துண்டுகள் ஒட்டுமிடத்திலும் இத்தகையவே நிகழ்கின்றன. வெட்டுவாயிலுள்ள எழுத்துகள் சில அரிக்கப்பட்டு மறைகின்றன. வேறொரு என்சைம், எந்த மூலத்தையும் பார்த்தெழுதாமல், தன்போக்கில் சில எழுத்துகளைச் சேர்க்கிறது. ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. இலக்கணத்தில் விகாரம் விதிக்கு உட்பட்டது. இங்கு விதி ஏதுமில்லை. எத்தனை எழுத்துக் கெடும், எவை தோன்றும் என்பது ஒவ்வோர் உயிரணுவிலும் வேறு வேறு. அயற்பொருளைத் தொடும் நுனியின் நடுவிடம் சரியாக இவ்வொட்டுமிடத்திலேயே அமைந்திருப்பதால், சிறு மாற்றமும் பற்றும் தன்மையை மாற்றிவிடுகிறது. இதனையும் கணக்கில் சேர்த்தால், ஆகக்கூடிய வகைகள் பத்தாயிரம் கோடியையும் கடக்கும். ஓர் உடலிலுள்ள பி-உயிரணுக்களின் எண்ணிக்கை வரம்புக்குட்பட்டதாகையால், அவை அனைத்தும் ஒரே காலத்தில் ஓர் உடலில் இருத்தல் இயலாது. ஒரே மரபணு உடைய இரட்டையர்க்கும் இத்தொகுதி ஒன்றாக இராது.

இம்முறையில் வீண்செலவு மிகுதி. மரபுக் குறிப்பு மூன்று மூன்று எழுத்துகளாகப் படிக்கப்படுவது. ஒட்டுமிடத்தில் மூன்றின் மடங்காக அல்லாமல் எழுத்துக் கூடினாலோ குறைந்தாலோ, அதற்கப்பால் உள்ளதெல்லாம் பொருளற்றதாகிவிடும். மூன்று ஒட்டுகளில் இரண்டு இவ்வாறு பாழாகின்றன. அவ்வுயிரணு தன் மற்றைக் குரோமோசோமில் மீண்டும் ஒருமுறை முயல்கிறது. அதுவும் தவறின் மடிகிறது. சரியாக ஒட்டியவற்றுள்ளும் பெரும்பகுதி தன் உடற்பொருளையே பற்றுவனவாக அமைந்துவிடுகின்றன. குருட்டுவாக்கில் செய்த பொருள் வீட்டாரையும் அயலாரையும் அறியுமா? அத்தகையன எலும்பு மஜ்ஜையிலேயே தடுக்கப்படுகின்றன. அவை தம் இலேசான சங்கிலியை மாற்றிக்கொள்கின்றன, அல்லது அழிகின்றன. இச்சல்லடையில் தப்பிச் செல்வனவே, உடல் தன்னைத் தானே தாக்கும் நோய்கள் சிலவற்றுக்குக் காரணமாகின்றன.

இரண்டாம் திருத்தம்

ஊசி மருந்தோ கிருமியோ உடலில் புகும்போது, அதற்குப் பொருந்தும் பி-உயிரணு பல்லாயிரத்தில் ஒன்றாகவோ பல இலட்சத்தில் ஒன்றாகவோ இருக்கும். நிணநீர்க் கணுக்களில் அது அயற்பொருளைச் சந்திக்கிறது. துணையணுக்கள் எனப்படும் வேறுவகை உயிரணுக்கள் இசைவளித்தபின் பிளந்து பெருகுகிறது. நாளொன்றுக்கு இருமுறை பிளந்தால் ஒரு வாரத்தில் ஒன்று 16,000 ஆகும். முதலில் வருவது ஐ.ஜி.எம். எனப்படும் ஐந்து கவைகள் சேர்ந்த எதிர்ப்பொருள். பின்னரே இரத்தத்தில் நெடுநாள் நிலைப்பதும் கருவிலுள்ள குழந்தைக்குச் செல்வதுமான ஐ.ஜி.ஜி. வருகிறது.

இக்காலத்தில் மற்றொன்றும் நிகழ்கிறது. ஐசன், சிஸ்கின்ட் ஆகிய இருவர் 1964 ஆம் ஆண்டில் முயல்களைச் சோதித்து, ஊசி போட்ட பின் வாரங்கள் செல்லச் செல்ல எதிர்ப்பொருளின் அளவு மட்டுமன்றி, அயற்பொருளைப் பற்றும் வலிமையும் உயர்வதைக் கண்டனர். பெருகும் பி-உயிரணுக்கள், தம் எதிர்ப்பொருள் மரபணுவின் மாறும் பகுதியில் மட்டும், ஒவ்வொரு பிளவிலும் ஏறத்தாழ ஆயிரம் எழுத்துக்கு ஒன்று என்னும் அளவில் பிழை செய்துகொள்கின்றன. உடலின் பிற மரபணுக்களில் நேரும் பிழையைவிட இது ஏறத்தாழப் பத்து இலட்சம் மடங்கு மிகுதி. பிழைகளுட் பல பற்றுதலைக் கெடுக்கும்; சில அதனை உயர்த்தும். உயர்ந்தவையே கிடைத்தற்கரிய அயற்பொருளைப் போட்டியில் பற்றித் துணையணுக்களின் இசைவைப் பெறுகின்றன. ஏனையவை மடிகின்றன. இப்பிழைகளைத் தொடங்கி வைக்கும் என்சைமை ஜப்பானின் கியோட்டோவில் ஹோன்ஜோவின் குழுவினர் 1999 ஆம் ஆண்டில் கண்டனர். பிறவியிலேயே அஃது இல்லாதோரிடம் ஐ.ஜி.எம். மட்டுமே மிகுந்திருக்கும், திருத்தமும் நிகழாது, கிருமித் தொற்றுகள் அவர்களை அடுத்தடுத்து வருத்தும்.

களத்தில் இதன் பயன்

தேர்வும் பெருக்கமும் திருத்தமும் நாட்களை வேண்டுவன. முதன்முறை சந்திக்கும் அயற்பொருளுக்குப் பயன்படும் அளவு எதிர்ப்பொருள் தோன்ற ஒரு வாரம் முதல் இரு வாரம் வரை ஆகும். பாம்பின் நஞ்சு அவ்வளவு காலம் பொறுக்காது. ஆகவேதான் குதிரை முன்னரே செய்துமுடித்த எதிர்ப்பொருளைக் கடன் வாங்குகிறோம். பாம்பு குழந்தையைக் கடித்தாலும் பெரியவரைக் கடித்தாலும் உள்ளே செலுத்தும் நஞ்சின் அளவு குறைவதில்லை. ஆதலின் முறிமருந்தையும் குழந்தையின் எடைக்கேற்பக் குறைப்பதில்லை. குதிரையின் புரதமும் நம் உடலுக்கு அயற்பொருளே. மருந்து பெற்ற சிலருக்கு ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் மூட்டு வலியும் தடிப்பும் தோன்றுவதுண்டு. அவர்தம் பி-உயிரணுக்கள் குதிரைப் புரதத்துக்கு எதிர்ப்பொருள் செய்துமுடித்த காலம் அதுவே என அறிக.

வெறிநாய்க்கடியில் இரண்டும் சேர்கின்றன. காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிய பின், தடுப்பூசி தொடங்கப்படுகிறது. தோல் கிழிந்து இரத்தம் வந்த ஆழ்ந்த கடியாயின், ஆயத்தமான எதிர்ப்பொருளும் காயத்தின் உள்ளும் சுற்றிலும் செலுத்தப்படுகிறது. தடுப்பூசியால் சொந்த எதிர்ப்பொருள் வரும்வரை காயத்திலுள்ள வைரஸைத் தடுத்து நிறுத்துவது இக்கடன் பொருளே. முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் கடந்துவிட்டால் இது தரப்படுவதில்லை. அதற்குள் சொந்தப் பொருள் வரத் தொடங்கிவிடுமாதலின் வேண்டுவதுமில்லை. ‘தடுப்பூசிதான் போட்டாயிற்றே, காயத்தில் வேறு ஏன் குத்துகிறீர்கள்?’ என்று கேட்கும் உறவினர்க்கு இவ்வொரு வார இடைவெளியைச் சொன்னாலே போதும்.

கருவுற்ற தாய்க்கு ரணஜன்னித் தடுப்பூசி நான்கு வார இடைவெளியில் இருமுறை போடப்படுவதும் இதனாலேயே. முதல் ஊசி பொருந்தும் உயிரணுக்களைத் தேர்ந்து பெருக்குகிறது. இரண்டாவது, அவற்றுள் திருத்தம் பெற்று எஞ்சியவற்றை எழுப்புகிறது. அதனால் மிகுதியாகத் தோன்றும் ஐ.ஜி.ஜி. நச்சுக்கொடி வழியே சிசுவுக்குச் சென்று, பிறந்த முதல் வாரங்களில் அதனைக் காக்கிறது. தாய்க்கும் பச்சிளங் குழந்தைக்கும் வரும் ரணஜன்னி ஒழிக்கப்பட்ட நாடாக இந்தியா 2015 ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டதில், தூய்மையான பிரசவத்துடன் இவ்விரு ஊசிகளுக்கும் பெரும் பங்கு உண்டு.

குழந்தைக்கு 6, 10, 14 ஆம் வாரங்களில் போடப்படும் ஐந்நோய்த் தடுப்பூசியைப் பற்றி அடிக்கடி எழும் ஐயம் ஒன்று உண்டு. முதல் தவணைக்குப்பின் குடும்பம் வேலை தேடி வெளியூர் சென்றுவிடுகிறது. சில மாதம் கழித்துத் திரும்பும்போது, மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? வேண்டுவதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்க. முதல் தவணையில் தேர்ந்தெடுக்கப்பட்டவற்றுள் ஒரு பகுதி நினைவு உயிரணுக்களாக நெடுங்காலம் காத்திருக்கின்றன. தாமதித்த மாதங்களில் குழந்தை போதிய காப்பின்றி இருந்தது என்பது உண்மை; ஆனால் செய்த வேலை அழிந்துவிடவில்லை. இடைவெளியைக் குறுக்குவது மட்டும் கூடாது. ‘ஊருக்குப் போகிறோம், அடுத்ததையும் இந்த வாரமே போட்டுவிடுங்கள்’ எனத் தாய் வேண்டினால், நான்கு வாரம் நிரம்பவேண்டும் என்று கூறி, போகுமிடத்துச் சுகாதார நிலையத்தில் காட்டுமாறு அட்டையில் நாளைக் குறித்துக் கொடுத்தல் வேண்டும்.